தீர்மானிக்கப்படுமா, முடிந்துபோகுமா: ஆங்கில ஆவணங்களோடு பழகியதில் கற்றவை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள், நோட்டீஸ்கள், தீர்ப்பு நகல்கள் ஆகியவற்றைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். பாரிமுனையில் தம்புச்செட்டித் தெருவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர்களின் கட்சிக்காரர்களே பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். இந்த வேலையில் லத்தீன் தொடர்களும் 'வேர்அஸ்', 'ஹியர்இன்ஆஃப்டர்' போன்ற பழைய சட்ட வழக்குகளும்தான் தொல்லை கொடுக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றுக்கு ஒரே பொருள்தான் உண்டு. சட்ட அகராதியைப் புரட்டி எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துவிட்டோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் சாதாரணச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. 'டிடர்மின்' அவற்றில் முதலாவது. ஒன்றைத் தீர்மானிப்பது, ஒன்றை அளந்தோ ஆராய்ந்தோ அறிவது, ஒன்றை முடிவுக்குக் கொண்டுவருவது ஆகிய மூன்றையும் அது குறிக்கும். எந்த இடத்தில் எது என்று அந்தச் சொல் தானாகச் சொல்லாது.

புரசைவாக்கத்தில் மளிகைக்கடை நடத்தும் ஓர் அண்ணாச்சி, பழைய லீஸ் பத்திரம் ஒன்றையும் அதற்கு வேறொருவர் செய்து கொடுத்திருந்த தமிழாக்கத்தையும் கொண்டுவந்தார். (சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் மொத்தமாகத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது என்று பொருளாகிவிட்டது, இங்கே நான் சொல்வது மாத வாடகை கொடுத்து நடத்தும் கடைக்கான பத்திரம்.) ஆங்கில மூலத்தில், குறிப்பிட்ட தேதியில் அந்த லீஸ் 'ஷல் ஸ்டாண்ட் டிடர்மின்டு' என்று இருந்தது. தமிழாக்கத்தில் "அந்தத் தேதியில் குத்தகை தீர்மானிக்கப்படும்" என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சி அதை நம்பி நிம்மதியாக இருந்தார். "ஏம்மா, அன்னைக்கு ரெண்டு பேரும் உக்காந்து பேசி, வாடகை எவ்வளவுன்னு தீர்மானம் பண்ணணும்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "இல்லீங்க அண்ணாச்சி, அன்னையோட லீஸ் முடிஞ்சுபோகுதுன்னு போட்டிருக்கு" என்றேன். பத்திரத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, தமிழாக்கத்தை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியது வழக்கறிஞரிடம்தான்.

இது அந்தப் பத்திரத்தை எழுதியவரின் விசித்திரமான நடை அன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 111ஆம் பிரிவில், அசையாச் சொத்தின் குத்தகை எந்தெந்த வழிகளில் முடிவுறும் என்று சொல்லும்போது பயன்படுத்தும் வினைச்சொல்லே 'டிடர்மின்'தான். குறித்த காலம் கழிவது, குத்தகைக்கு விட்டவரின் உரிமையே இல்லாமல் போவது, குத்தகைதாரர் ஒப்படைத்துவிடுவது, நிபந்தனை மீறலால் உரிமை பறிபோவது, நோட்டீஸ் கொடுப்பது என்று வழிகள் அங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. 108ஆம் பிரிவில், குத்தகை 'டிடர்மினேஷன்' ஆனவுடன் சொத்தைத் திரும்ப ஒப்படைப்பது குத்தகைதாரரின் கடமை என்று வருகிறது. இதைத் 'தீர்மானம் ஆனவுடன்' என்று தமிழில் எழுதினால் படிப்பவர் எந்தத் தீர்மானம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

இந்தச் சிக்கலுக்கு நான் வைத்திருக்கும் முதல் சோதனை இலக்கணச் சோதனை. அந்த வினை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கிறேன். செயப்படுபொருளே இல்லாமல் குத்தகையோ உரிமமோ தானாக 'டிடர்மின்' ஆகிறது என்றால், அது 'முடிவுறும்'. நோட்டீஸ் கொடுத்து ஒருவர் அதை 'டிடர்மின்' செய்கிறார் என்றால், அது 'முடிவுக்குக் கொண்டுவருவார்'. செயப்படுபொருள் ஒரு தொகையாகவோ, கேள்வியாகவோ, எல்லையாகவோ இருந்தால் மட்டுமே மற்ற இரண்டு பொருள்களைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக்கு மேற்பட்ட இடங்கள் தெளிந்துவிடுகின்றன.

ஒரே சொல்லுக்கு இப்படி மூன்று வேலையா என்று ஆங்கிலத்தைக் குறை சொல்வதற்கு நமக்கு இடமில்லை. 'டெர்மினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு எல்லை, எல்லைக்கல் என்று பொருள். ரோமானியர்கள் அதைத் தெய்வமாகவே வணங்கினார்கள். கல்லை நடுவது தீர்மானம், கல்லுக்குக் கல் இருப்பது அளவு, கல்லோடு நிலம் முடிகிறது. நம்மிடமும் 'தீர்' என்ற ஒரே அடியிலிருந்து தீர்ப்பும் தீர்மானமும் பிறக்கின்றன. நிலத்துக்கு விதிக்கும் தீர்வையும், தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்கு அரசு வைத்திருக்கும் 'வருவாய்த் தீர்வாயம்' என்ற பெயரும் பிறக்கின்றன. வீட்டில் அரிசி தீர்ந்துபோவதும் அதே சொல்தான். 'முடிவு' என்றால் இறுதியும் உண்டு, எடுக்கும் முடிவும் உண்டு. 'விலை முடிந்தது' என்றால் வியாபாரம் கைகூடிவிட்டது என்று பொருள். 'கல்யாணம் முடிந்தது' என்றால் இல்வாழ்க்கை தொடங்கிவிட்டது என்று பொருள். (தீர்க்கரேகையில் வரும் தீர்க்கம் வடமொழி வழி வந்த வேறு சொல், அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது.) ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு மொழியிலும் பொருள்கள் இப்படிப் பின்னிக் கிடப்பதால், 'தீர்மானம்' என்று எழுதும்போது அது சரியாக இருப்பது போலவே கண்ணுக்குப் படும். ஆனால் ஆங்கிலத்தின் பின்னலும் நம் பின்னலும் ஒரே இடத்தில் அவிழ்வதில்லை. குத்தகை தீர்ந்தது என்று நாம் சொல்லலாம், தீர்மானமானது என்று சொல்ல முடியாது.

அளத்தலும் தீர்மானித்தலும் மோதும் இடங்களில் எனக்கு உதவுவது வேறொரு கேள்வி: விடை முன்பே இருக்கிறதா, அல்லது இனிமேல்தான் உண்டாக்கப் போகிறார்களா? சென்னையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகையைப் பார்க்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வைக்கச் சொல்கிறது. அங்கே ஆங்கிலத்தில் 'செக்ஸ் டிடர்மினேஷன்' என்று வழங்குவதைத் தமிழில் 'கண்டறிதல்' என்று எழுதியவரை நான் மனத்துக்குள் பாராட்டுவது வழக்கம். பாலினம் ஏற்கெனவே அமைந்துவிட்டது. மருத்துவர் அதைக் காண்கிறார், அவ்வளவுதான். இதே தொடர் உயிரியல் பாடத்தில் வந்தால் கதை மாறிவிடும். தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமே குழந்தையின் பாலினத்தை அமைக்கிறது என்னும்போது அது 'நிர்ணயம்'. மருத்துவ அறிக்கை ஒன்றில் ஒரு பக்கத்தில் முதல் பொருளும் அடுத்த பக்கத்தில் இரண்டாவது பொருளும் வருவதைக் கண்டிருக்கிறேன். கணினியில் ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்லை மாற்றிப் போடும் வசதியை, இந்தக் குடும்பத்துச் சொற்களுக்கு நான் பயன்படுத்துவதே இல்லை.

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், 1792இல் அமைந்த பழைய மதராஸ் வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. நில அளவைக்கு அந்த நிலையத்தின் தீர்க்கரேகையே ஆதாரமாக இருந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர், கணக்குக்கெல்லாம் அடிப்படையாகும் நேர்கோடான அடிக்கோட்டைப் பரங்கிமலை அருகே அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கும் அதுவே ஆதாரம். அந்தக் காலத்து அறிக்கைகளில் இடத்தின் அட்சரேகையை 'டிடர்மின்' செய்தார்கள் என்று வந்தால், அதில் எவருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. அது முழுக்க அளந்தறிதல். மாறாக, நியாய வாடகையை 'டிடர்மின்' செய்வது என்று பழைய வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகளில் வந்தால், கட்டடத்தின் பரப்பையும் மனையின் மதிப்பையும் அளந்து பார்த்தாலும், கடைசியில் அந்தத் தொகைக்கு உயிர் கொடுப்பது அதிகாரம் உடையவரின் உத்தரவுதான். எனவே அது 'நியாய வாடகை நிர்ணயம்'. நீதிமன்ற வழக்கில் நிலைத்துவிட்ட இந்தத் தொடரை மாற்ற நினைக்கக் கூடாது.

நடுவில் நிற்கும் ஓர் இடமும் உண்டு. 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி, தகராறுக்குள்ளான எல்லையை விசாரித்து 'டிடர்மின்' செய்யும் அதிகாரம் அளவை அலுவலருக்கு உண்டு. சர்வேயர் சங்கிலியோ கருவியோ வைத்து அளக்கிறார், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தோடு ஒப்பிடுகிறார், இரு தரப்பையும் கேட்கிறார், பிறகு இதுதான் எல்லை என்று பதிவு செய்கிறார். அளப்பதும் அவர்தான், தீர்மானிப்பதும் அவர்தான். இங்கே 'எல்லையைத் தீர்மானித்துப் பதிவு செய்தல்' என்று எழுதுகிறேன், 'கண்டறிதல்' என்று எழுதுவதில்லை. 'கண்டறிதல்' என்று எழுதினால், எதிர்த்து மேல்முறையீடு செய்யக்கூடிய ஓர் உத்தரவு அங்கே பிறந்திருக்கிறது என்பது மறைந்துவிடும்.

தீர்மானம், அளவு, முடிவு ஆகிய மூன்றும் வரிசையாக வந்து குடும்பங்களை அலைக்கழிப்பது பாகப்பிரிவினை வழக்கில்தான். வில்லிவாக்கம் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிய வழக்கில், மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று தீர்ப்பாகி, நகலை மூத்த மகளான அக்கா என்னிடம் கொண்டுவந்தார். தமிழில் எழுதிக் கொடுத்தால், அதை வைத்துத் தன் பங்கைத் தன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். நகலின் தலைப்பில் 'பிரிலிமினரி டிகிரி', அதாவது முதல்நிலைத் தீர்ப்பாணை, என்று இருந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 'டிகிரி' என்பதற்குத் தரும் விளக்கத்தில், தரப்பினரின் உரிமைகளை 'கன்க்ளூசிவ்லி டிடர்மின்' செய்வது என்கிறது; அதாவது நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அறுதியாகத் தீர்மானிப்பது. இதைப் படிப்பவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்பே. ஆனால் வழக்கு முழுவதுமாக முடிவதற்கு மேல் நடவடிக்கை மீதமிருந்தால் அது முதல்நிலைத் தீர்ப்பாணைதான் என்று அதே பிரிவின் விளக்கவுரை சொல்கிறது.

அக்காவுக்கு நான் தாளில் மூன்று படியாக எழுதிக் காட்டினேன். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தீர்மானமாகிவிட்டது. இது முதல்நிலைத் தீர்ப்பாணை. அடுத்து, இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனுப் போட வேண்டும், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நேரில் போய், தேவைப்பட்டால் சர்வேயரின் உதவியோடு வீட்டை அளந்து, எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை யாருக்கு என்று வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார், இது அளவு. அதன்மேல் ஆட்சேபனைகளைக் கேட்டு நீதிமன்றம் பிறப்பிக்கும் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் முடிவு. பிரித்துக் கொடுக்க முடியாத அளவுக்கு வீடு சிறியதாக இருந்தால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டுக்கொண்டால், விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடவும் வழி இருக்கிறது. அக்காவின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த நகலின் தமிழாக்கத்தில் 'முதல்நிலை' என்ற சொல்லைத் தலைப்பில் மட்டுமல்லாமல், தீர்ப்பாணை என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் சேர்த்தே எழுதினேன். மூலத்தில் அப்படி இல்லை. வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு செய்த மாற்றம் அது.

'டிடர்மின்' என்பதற்குப் பங்காளி 'டிஸ்போஸ்டு' என்ற சொல். இப்போது எல்லோரும் கைபேசியிலேயே வழக்கின் நிலையைப் பார்த்துவிடுகிறார்கள். 'கேஸ் டிஸ்போஸ்டு' என்று கண்டதும் தோற்றுவிட்டோம் என்று அழுதவரையும், ஜெயித்துவிட்டோம் என்று இனிப்பு வாங்கியவரையும் எனக்குத் தெரியும். அந்த நீதிமன்றத்தில், அந்த எண்ணில், அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. அனுமதிக்கப்பட்டதா, தள்ளுபடியா, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிக்கடி நடப்பது போல, மனுவைக் குறித்த காலத்துக்குள் பரிசீலிக்குமாறு அதிகாரிக்கு உத்தரவிட்டு முடித்தார்களா என்பதை உத்தரவைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'செட்டில்மென்ட்' என்பது பதிவு அலுவலகத்தில், குடும்பத்தாருக்குச் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், வேலையை விட்டு வருபவருக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் தொகை, வழக்கில் சமரசம். இவற்றில் முதலாவதைத் தமிழாக்க முயலாமல் 'செட்டில்மென்ட் பத்திரம்' என்றே விட்டுவிடுவது நல்லது, பத்திர எழுத்தரும் அப்படித்தான் சொல்வார். 'ரெசல்யூஷன்' கம்பெனிக் கூட்டத்தில் தீர்மானம், தகராறில் தீர்வு, கண்காணிப்புக் கேமரா பற்றிய அறிக்கையில் பிரிதிறன், அதாவது படம் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பது. ஒப்பந்தத்தை 'கன்க்ளூட்' செய்தார்கள் என்றால் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்று பொருள். இது ஒன்றில் தவறினால் வழக்கின் தலையே கீழாகிவிடும்.

நாள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே பிழை இருப்பதே எவர் கண்ணிலும் படுவதில்லை. தமிழில் 'ஒன்றாம் தேதி முதல் பதினைந்து நாள்' என்றால் ஒன்றாம் தேதியையும் சேர்த்தே விரல் விட்டு எண்ணுவோம். சட்ட ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்று வந்தால் அந்த நாளைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும். 'ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்' என்று வழங்கும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு வரிசையின் முதல் நாளை விலக்குவதற்கு 'ஃப்ரம்' என்ற சொல்லும் கடைசி நாளைச் சேர்ப்பதற்கு 'டு' என்ற சொல்லும் போதும் என்கிறது. குத்தகைக்கு இன்னும் தெளிவாக, சொத்து மாற்றுச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இன்ன நாளிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. மாத வாடகைக்காரரை வெளியேற்றுவதற்கான நோட்டீஸின் 15 நாளும், 2002இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, நோட்டீஸ் கிடைத்த தேதியிலிருந்து தொடங்குகிறது. இதைக் 'கிடைத்த நாள் முதல் 15 நாள்' என்று தமிழில் எழுதினால் ஒரு நாள் காணாமல் போகிறது. 'கிடைத்த நாள் நீங்கலாக 15 நாள்' என்றே எழுதுகிறேன். மாதம் என்பதற்கும் இதே எச்சரிக்கை உண்டு. சட்டத்தில் மாதம் என்பது ஆங்கில நாட்காட்டியின் மாதமே தவிர, முப்பது நாள் அன்று.

'வரை' என்பதிலும் கவனம் வேண்டும். '31ஆம் தேதி வரை' என்றால் 31 சேருமா, சேராதா என்று இரண்டு வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். நம் பழைய பத்திர எழுத்தர்கள் இதற்கு அழகான வழி வைத்திருந்தார்கள்: '01.04.2023 முதல் 29.02.2024 முடிய' என்று எழுதினால் இரு தேதிகளும் உள்ளடங்கிவிட்டன. பதினொரு மாத வாடகை ஒப்பந்தங்களில் இன்றும் இந்த 'முடிய'வைப் பார்க்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் அந்தப் பதினொரு மாத வழக்கமே வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அங்கே ஒரு நாள் கூடுவதும் குறைவதும் ஏன் விளையாட்டில்லை என்பது விளங்கும். புதிய வாடகைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு உரிய அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றாகிவிட்டது. பதினொரு மாதமாக இருந்தாலும் இது பொருந்தும் என்பது கட்சிக்காரர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. நான் சொன்னால் நம்புவதும் இல்லை, வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

வேலை செய்யும்போது, மூலத்தில் 'டிடர்மின்' குடும்பத்துச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, பக்க ஓரத்தில் மு, அ, தீ என்று முடிவு, அளவு, தீர்மானம் ஆகியவற்றுக்கு ஓர் எழுத்தைப் போட்டுவைக்கிறேன். எந்த எழுத்தைப் போடுவது என்று முடிவுக்கு வர முடியாத இடம் வந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் நகலெடுத்து, இரண்டு தமிழ் வடிவங்களையும் அதன் கீழே எழுதி, வழக்கறிஞருக்கு அனுப்புகிறேன். அவர் ஒன்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பும்வரை அந்தப் பக்கத்தைக் கட்சிக்காரரிடம் கொடுப்பதில்லை. இதனால் ஓரிரு நாள் தாமதமாகிறது. கட்டணத்தைப் பேசும்போதே அதையும் சொல்லிவிடுகிறேன்.